ஏஎன்3 போல்ட்டும் கோவைப் பட்டறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்றாலே கோவையும் சேலமும் செய்தியில் வருகின்றன. போர் விமானம், ட்ரோன் என்று பேச்சு பெரிதாகப் போகிறது. விமானியாக வரும் பிள்ளைகள் முதன்முதலில் ஏறுகிற இரண்டு இருக்கை, நான்கு இருக்கைச் சிறு விமானங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் பறக்கும் செஸ்னா 152 ரகத்தின் உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது. கடைசியாக வெளிவந்த விமானத்துக்கே நாற்பது வயது. அதற்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் கடல் கடந்துதான் வருகிறது. இவ்வளவு பட்டறைகள் உள்ள ஊரில் ஏன் செய்ய முடியாது என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் லேத்தில் இல்லை.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். ஏஎன்3 என்பது 3/16 அங்குல விமான போல்ட். தலையில் சிலுவைக் குறி, மேலே கேட்மியம் முலாம், இழுவலு சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு. ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்தால், “இந்தச் சின்ன சாமானுக்கா இவ்வளவு அலப்பறை, 8.8 கிரேடு போல்ட்டே கிட்டத்தட்ட இந்த வலு தருமே” என்பார். வலுவைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. விஷயம் மரையில்லாத தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டின் நீளம், சேர்த்துப் பிணைக்கும் தகடுகளின் மொத்தத் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். முழுக்க மரை போட்ட கடை போல்ட்டை மாட்டினால் மரை ஓட்டைக்குள் உட்காரும். ஒவ்வோர் அதிர்விலும் அலுமினியத்தை அரம் போல அராவும். ஓட்டை நீள்வட்டமாகும், மூட்டு ஆடும். முறுக்கும் 20 முதல் 25 அங்குல-பவுண்டுதான். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கினால் தண்டு இழுபட்டுவிடும். சுழலும் மூட்டில் நைலான் வளைய நட் கூடாது. தலையில் பிளவு வெட்டிய காஸில் நட் போட்டு, அது கழலாமல் இருக்கக் காட்டர் பின் செருக வேண்டும்.

இதையெல்லாம் அச்சு மாறாமல் நம் ஊரில் கடைந்துவிடலாம். ஆனாலும் எந்த உருக்கு, எந்தத் தொகுதி, யார் சோதித்தது என்ற சான்று கூடவே வராவிட்டால், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் அதை மாட்டிக் கையெழுத்திட முடியாது. போல்ட், ரிவெட் போன்ற பொதுச் சாமானுக்குத் தயாரிப்பாளரின் தரச்சான்று போதும். மேக்னெட்டோ (இன்ஜின் பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி), கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் என்றால் நம் நாட்டுச் சிஏ படிவம் 1 அல்லது அமெரிக்க 8130-3, ஐரோப்பிய ஈசா படிவம் 1 போல ஏற்கப்பட்ட வெளியீட்டுச் சான்று வேண்டும். அமெரிக்காவில் உரிமையாளர் தன் சொந்த விமானத்துக்கு மட்டும் உதிரி செய்துகொள்ள ஒரு விதி உண்டு. அதைக் காட்டி இங்கே பதிவான விமானத்தில் எதையும் மாட்டிவிட முடியாது.

படிவம் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் வேண்டும். பாக எண், வரிசை எண் இரண்டையும் சாமானின் தகட்டோடு ஒத்துப் பாருங்கள். 11-வது கட்டத்தில் புதியதா, ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தல்) ஆனதா, ரிப்பேர் ஆனதா, சோதிக்கப்பட்டதா என்று இருக்கும். ‘சோதிக்கப்பட்டது’ என்றால் அன்றைக்கு மேசை மேல் ஓடியது என்றுதான் பொருள். அதை ஓவர்ஹால் விலைக்கு வாங்கக் கூடாது. எந்தக் கையேட்டின் எந்தத் திருத்தப்படி வேலை நடந்தது, எந்தக் கட்டாய உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டன என்பதெல்லாம் 12-வது கட்டத்தில் வர வேண்டும். அது வெறுமையாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் விற்பவரைக் கேளுங்கள்.

பழைய விமானத்தில் கெடுவது பெரும்பாலும் பெரிய பாகமல்ல. செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளத்தைப் பாருங்கள். இருக்கையை நிறுத்தும் ஊசி விழும் துளைகள் நாளடைவில் தேய்ந்து அகலும். அகலம் 0.42 அங்குலத்தைத் தாண்டினால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். 100 மணி நேரத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ பார்க்கச் சொல்லி அமெரிக்காவின் கட்டாய உத்தரவே இருக்கிறது. மேலெழும்பும் நேரத்தில் ஊசி நழுவினால் இருக்கை பின்னால் ஓடும். விமானி பிடிமானத்துக்குக் விமானத்தின் ஸ்டியரிங் போன்ற கட்டுப்பாட்டு யோக்கையே இழுப்பார், மூக்கு செங்குத்தாகத் தூக்கும். ஒரு வெர்னியர் காலிப்பரும் ஐந்து நிமிடமும் போதும் இதைத் தடுக்க.

மேக்னெட்டோவை 500 மணி நேரத்தில் கழற்றிப் பிரிக்க வேண்டும். பாயின்ட் தேய்வு, கார்பன் பிரஷ், விநியோகப் பல்சக்கரம், காயில் விரிசல் எல்லாம் பார்க்க வேண்டியவை. 152-இல் நிமிடத்துக்கு 1700 சுற்றில் ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்க்கும்போது வேகம் 125 சுற்றுக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இறக்கமே இல்லையென்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். மேக்னெட்டோவை அணைக்கும் தரையிணைப்புக் கம்பி அறுந்திருக்கலாம். சாவியை அணைத்த பிறகும் அந்த மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். புரொப்பல்லரைக் கையால் திருப்புகிறவர் கை போய்விடும்.

பறக்காமல் நிற்கும் விமானம்தான் சீக்கிரம் கெடுகிறது. 152-இல் உள்ள லைகாமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. நிறுத்திய சில வாரங்களில் எண்ணெய் வடிந்து வெற்று இரும்பாக நிற்கும், ஐப்பசி ஈரத்தில் துருப் புள்ளி விழும். புரொப்பல்லரைக் கையால் சுற்றிவைப்பது, பத்து நிமிடம் தரையில் ஓட்டி அணைப்பது இரண்டும் உதவாது. எண்ணெய் சூடேறாமல் அணைத்தால் உள்ளே தங்கும் நீர்தான் கூடும். மாதம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். ஃபில்டர் உள்ள இன்ஜினில் 50 மணி நேரத்துக்கும், வலை மட்டும் உள்ளதில் 25 மணி நேரத்துக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும். கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் தேய்ந்துகொண்டிருக்கலாம்.

உலகச் சந்தையில் வாங்குவது முன்பைவிட எளிது. 2024 ஜூலை 15 முதல் விமான உதிரிகளின் இறக்குமதிக்கு ஒரே சீராக 5 சதவீத ஐஜிஎஸ்டி. பயிற்சி விமானத்துக்கான நீல நிற 100எல்எல் பெட்ரோலையே 2022-இல் இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரித்து வெளியிட்டது. எஞ்சியிருக்கும் செலவு, காத்திருக்கும் நாட்கள்தான். நூறு கிராம் சாமானுக்காக ஒரு விமானம் வாரக்கணக்கில் ஹேங்கரில் நிற்கும். மாணவரின் பறக்கும் மணிக்கணக்கும் அதோடு நிற்கும்.

ஆகவே வழித்தடத்துக்குத் திட்டம் தீட்டுவோரிடம் நாங்கள் கேட்பது பெரிய தொழிற்சாலை அல்ல. சிஏஆர் 145 (விமானப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான நம் நாட்டு விதி) ஒப்புதல் பெற்ற ஒரு துணைக்கருவிப் பட்டறை கோவையில் வரட்டும். மேக்னெட்டோ, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் ஆகிய நான்கை மட்டும் ஓவர்ஹால் செய்து சிஏ படிவம் 1 கொடுத்தால் போதும். காயில் கட்டுவதிலும் பேரிங் மாற்றுவதிலும் தலைமுறைப் பழக்கம் உள்ள ஊர் இது. புதிதாகக் கற்க வேண்டியது, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் எழுத்தில் கணக்கு வைக்கும் பழக்கம். அதை நம் பாலிடெக்னிக்குகளில் இப்போதே ஒரு பாடமாக வைக்கலாம்.

பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஸ்பேர் வாங்கி அடுக்காமல், ஒரே ரக விமானம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து பொதுக் கையிருப்பு ஒன்று வைக்கலாம்: ஓவர்ஹால் ஆன மேக்னெட்டோ இரண்டு, ஒரு ஸ்டார்ட்டர், பிளக் இரண்டு செட், எண்ணெய் ஃபில்டர் ஒரு டஜன், இருக்கைத் தண்டவாளம் ஒரு ஜோடி. ரப்பர் ஹோஸ்களை மட்டும் அதிகம் சேர்க்க வேண்டாம். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்தால் மாட்டும் முன்பே இறுகிவிடும்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர்,
சூலூர், கோவை மாவட்டம்.