இஸ்திரி வண்டி ஐயாவுக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். அப்பச்சி நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாக. முகப்புல சாய்வு நாற்காலியப் போட்டு தெருவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக, நான் பக்கத்துத் திண்ணைல இருந்து இதை டைப் பண்றேன். நடந்ததைத் திரும்ப எழுதப் போறதில்ல. உங்கள்ல பாதிப்பேர் அன்னைக்கு ராத்திரி இங்கயே நின்னீங்க, மீதிப்பேர் விடியவிடிய போன்ல இருந்தீங்க. வீட்டுக்குள்ள வெள்ளத் தண்ணி ஏறுனதும், அப்பச்சி மதுரை ஆஸ்பத்திரில ஐசியூல கிடந்ததும் ஒரே வாரத்துல வந்துச்சு, ரெண்டையும் தாண்டி வந்துட்டோம், அது போதும்.

ரத்தம் குடுக்க தேவகோட்டைல இருந்தும் புதுவயல்ல இருந்தும் மழையில பைக்ல வந்த தம்பிகளுக்கு, பேர் கேக்கறதுக்குள்ள கிளம்பிட்டீங்க. மதுரைல இருந்த நாள் பூரா ரெண்டு வேளை தூக்குச்சட்டில சோறு கொண்டாந்த சின்னத்தாவுக்கு, ராத்திரி டியூட்டி பாத்த சிஸ்டருக்கு, மோட்டார் வச்சு வளவு முற்றத்துத் தண்ணிய இறைச்சு வெளிய விட்டவுகளுக்கு, சரிஞ்ச ஓட்டை அடுக்கி தார்ப்பாய் கட்டுனவுகளுக்கு, சாவி வாங்கி வச்சுக்கிட்டு வீட்டைத் தன் வீடு மாதிரி பாத்துக்கிட்ட பக்கத்து வீட்டு ஆச்சிக்கு, எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேர்ல வந்து சொல்லுவேன், அப்பச்சி கொஞ்சம் நடக்க ஆரம்பிக்கட்டும்.

ஆனா இந்த மடலை நான் எழுத உக்காந்ததே ஒருத்தருக்காக. நம்ம தெரு முக்குல வேப்பமரத்தடில இஸ்திரி வண்டி போட்டிருக்க ஐயா. அவுக என்ன செஞ்சாகனு உங்கள்ல நிறையப் பேருக்குத் தெரியாது. அவுகளும் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டாக.

என் விதைப் பெட்டி தெரியும்ல. பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்த டிரங்குப் பெட்டி, வீட்டுக்கு உள்பக்கம் ரெண்டாம் கட்டு அறைல இருக்கும். ஒன்பது வருஷமா சேத்தது, 94 பொட்டலம். நர்சரில வாங்கி வச்ச செடினு ஒண்ணு கூட இல்ல, ஒரு கை விதை எங்கயாச்சும் கிடைச்சா அதை முளைக்க வச்சு, வளத்து, காய்க்க விட்டு, அதுல இருந்து திரும்ப எடுத்த விதைதான் பொட்டலத்துக்குள்ள போகும். மருந்துக்கு ஆகுறது, சாயத்துக்கு ஆகுறது, விளையாட்டுக்கு, எடை போட, தண்ணி தெளிய வைக்கனு நம்ம ஜனம் கைல புழங்குன செடி எல்லாம். எங்க ஆயா வீட்டு அடுப்படில ஒரு டப்பா நிறைய தேத்தாங்கொட்டை கிடக்கும், ஊரணித் தண்ணி கலங்கலா வந்தா பானை உள்பக்கம் அந்தக் கொட்டைய உரசிட்டு தண்ணிய ஊத்துவாக, கொஞ்ச நேரத்துல மண்ணெல்லாம் அடில படிஞ்சு தெளிஞ்சிரும். அங்க இருந்துதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது. அப்பறம் அவுரி, சாயவேர், வெட்பாலை, பூனைக்காலி, கழற்சிக்காய், மஞ்சாடி, கண்டங்கத்திரி, தூதுவளைனு வளந்துக்கிட்டே போச்சு.

அந்தப் பெட்டில முழங்கால் தண்ணி ஏறி நின்னுச்சு. ரெண்டு நாள். எனக்கு மதுரைல ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கப்ப இந்த நினைப்பே இல்ல. வீட்டைக் கழுவ வந்தவுக நனைஞ்சு ஊறிப்போன காகிதப் பொட்டலத்தையெல்லாம் பெட்டியோட தூக்கித் தெருவுல வச்சுட்டாக, அவுக மேல ஒரு தப்பும் இல்ல, பாத்தா குப்பை மாதிரித்தான் இருந்திருக்கும். பேனா மை ஓடி ஒரு பேர் கூட தெரியல. அந்த நேரம் பாத்து தேச்ச துணிய குடுக்க வந்த ஐயா, இது ஆச்சியோட விதைப் பெட்டியாச்சேனு சொல்லி, யாரும் கை வைக்காதீகனு நிப்பாட்டி, பெட்டிய அப்படியே தள்ளுவண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாக.

அதுக்கு மேல அவுக செஞ்சதுதான் எனக்கு நெஞ்சை அடைக்குது. பழைய வேட்டி ஒண்ணைக் கையகலத் துண்டு துண்டாக் கிழிச்சு, ஒரு பொட்டலத்துக்கு ஒரு துண்டு. வெயில்ல போட்டா வெடிச்சிரும்னு நிழல்ல, வீட்டுத் திண்ணைல பாய் விரிச்சுக் காயவச்சிருக்காக. இஸ்திரிப் பெட்டில அள்ளுன கரிச்சாம்பலை நல்லா ஆறவிட்டு விதை மேல தூவியிருக்காக, ஈரத்தை இழுத்துக்கிரும் பூச்சியும் வராதுனு. காஞ்சதும் ஒவ்வொண்ணா முடிச்சு போட்டுட்டாக. ஏதாச்சும் ஒரு பொட்டலம் இன்னொண்ணோட கலந்துச்சானு கேட்டேன். "கலக்கலாமா ஆச்சி, ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனா என்ன ஆகும்"னாக. அவ்வளவுதான் சொன்னாக.

பேர் அழிஞ்சுபோச்சு, அவுகளுக்கு எது என்ன விதைனு பாதி தெரியாது. ஆனா பெட்டிக்குள்ள வரிசை வரிசையா அடுக்கியிருந்ததைக் கவனிச்சிருக்காக. மொத்தம் 12 வரிசை, வரிசைக்கு எட்டு, கடைசி வரிசைல மட்டும் ஆறு. அந்த வரிசை குலையாம எடுத்து, ஒவ்வொரு துண்டு மூலைலயும் குறி போட்டிருக்காக, துணிக்கு வீட்டுக்கு வீடு போடுற அதே குறி. வரிசைக்கு ஒரு குறி, அதுக்குக் கீழ அந்த வரிசைல எத்தனாவது பொட்டலமோ அத்தனை புள்ளி. என் நோட்டு மேல் பரண்ல இருந்ததால நனையல, அதுல வரிசைப்படி எழுதியிருந்தேன். அஞ்சாம் வரிசைக் குறி, மூணு புள்ளி, நோட்டைப் பாத்தா வெட்பாலை. முடிச்சை அவுத்தா வெட்பாலை. 94ம் அப்படியே பொருந்துச்சு. நான் தரைல உக்காந்து அழுதேன், ஆஸ்பத்திரில கூட அப்படி அழுகல.

அந்தக் குறி எதால போட்டாகனு கேட்டேன். சேராங்கொட்டை. கொட்டைய ஊசியால குத்தி, கசியுற கருப்புப் பாலைத் தொட்டு வச்சு, மேல சுண்ணாம்புத் தண்ணி. அப்பறம் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. இப்ப எல்லாரும் மார்க்கர் பேனாதான், ஐயா மட்டும் ஒரு கொட்டாங்கச்சில நாலஞ்சு கொட்டை பத்திரமா வச்சிருக்காக, தண்ணில நனைஞ்ச பொருளுக்கு மறுபடி தண்ணில போகுற மைல எழுதுனா என்ன அர்த்தம்னு அதை எடுத்திருக்காக. அந்தப் பால் தோல்ல பட்டா கொப்புளம் கிளம்பும். முந்திரிக்கொட்டை ஓட்டுப்பால் பட்டா கை வெந்துபோறது நம்ம பக்கம் சின்னப்புள்ளைக்கும் தெரியும், சேராங்கொட்டையும் முந்திரிக் குடும்பந்தான். சித்த மருந்துல சேக்குறதுக்கும் முதல்ல சுத்தி செஞ்சு, அதாவது நஞ்சை எடுத்துத்தான் சேப்பாக, யாரும் இதைப் படிச்சுட்டு வீட்ல முயற்சி பண்ணிறாதீங்க. 94 துண்டுக்கும் குறி போட்டு முடிச்சப்ப ஐயா ரெண்டு விரல்ல புண்ணு. அதை நான் பாத்துக் கேட்டப்பறம்தான் சொன்னாக.

என் நோட்டுல சேராங்கொட்டைனு ஒரு பக்கம் இருக்கு, விதை கிடைக்காததால செடி இல்ல, குறிப்பு மட்டும். "துணிக்குக் குறி போட ஒருகாலத்தில் பயன்பட்டது"னு எழுதி வச்சிருக்கேன். ஒன்பது வருஷமா ஊர் ஊராப் போய்க் கேட்டேன், குன்றக்குடி சந்தைல கேட்டேன், புதுக்கோட்டைல நாட்டு மருந்துக் கடை கடையா ஏறி இறங்கினேன். நம்ம தெரு முக்குல நின்னு கேக்கல. வாரம் ரெண்டு தடவை என் சேலைய தேச்சுக் குடுக்குற மனுசர், முகப்புத் திண்ணையோட நின்னு துணியக் குடுத்துட்டுக் காசை வாங்கிக்கிட்டுப் போவாக, உள்ள வாங்க ஐயானு நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. எதனால கூப்பிடலனு யோசிச்சா எனக்குக் கிடைக்கிற பதில் நல்லா இல்ல. போன வாரம் கூப்பிட்டேன். ரெண்டாம் கட்டு வரைக்கும் வந்து, பெட்டி இருந்த இடத்தைப் பாத்து, இவ்வளவு தாழ்வா வைக்கக்கூடாது ஆச்சினு சொல்லி, காபி குடிச்சுட்டுப் போனாக. பெட்டி இப்ப மேல இருக்கு. அந்தக் குறிப்பையும் அடிச்சுட்டு "குறி போடுறாக"னு எழுதிட்டேன், கூடவே ஐயா சொன்ன பக்குவத்தை அவுக சொன்ன வார்த்தைலயே.

இன்னொண்ணு. பெட்டியத் திறந்தப்பவே அகத்திப் பொட்டலத்துலயும் தகரைப் பொட்டலத்துலயும் சில விதை தண்ணில ஊறி வாய் விட்டிருச்சாம். அதை மட்டும் காயவைக்கல. உசுரு வந்துருச்சு, இனி காஞ்சா செத்துரும்னு உடைஞ்ச மண்சட்டில செம்மண்ணைப் போட்டு அதுல ஊன்டிட்டாக. நான் வந்தப்ப ரெண்டும் ரெண்டு இலை விட்டு நின்னுச்சு. குன்றிமணி முடிச்சுல மட்டும் ரெட்டை முடிச்சு, புள்ளைக கைல சிக்கிறக் கூடாதுனு. சரியாத்தான் செஞ்சிருக்காக, அந்த அழகான செவப்பு விதைய ஒரு குழந்தை கடிச்சு முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

எது பிழைச்சது எது போச்சுனு நிறையப்பேர் கேட்டீங்க. தோல் கெட்டியா இருக்கது எல்லாம் தாங்கிருச்சு. கழற்சிக்காய் கடல்ல மாசக்கணக்கா மெதந்துபோய் வேற கரைல முளைக்கிற விதை, அதுக்கு ரெண்டு நாள் தண்ணி ஒண்ணுமே இல்ல, எப்பவும் போல கல்லுல உரசி ராத்திரி ஊறவச்சுத்தான் போட வேண்டியிருந்துச்சு. மஞ்சாடி, பூனைக்காலி, சங்குப்பூ, அவுரி நல்லா வருது. நிலவேம்பு, அமுக்கரா போயிருச்சு. திருநீத்துப்பச்சிலை விதைதான் சப்ஜா, நனைஞ்சதும் வழுவழுனு ஒட்டிக்கிட்டு ஒரே கட்டியாயிருச்சு. இந்த மூணும் நான் முன்னாடி குடுத்தவுக யாராச்சும் வச்சிருந்தா ஒரு சிட்டிகை போதும், திருப்பித் தாங்க. தைக்கு மேல மத்தது எல்லாம் கேட்டவுகளுக்குக் குடுப்பேன், அதே மாதிரி துணில கட்டித்தான் குடுப்பேன்.

ஐயா கொட்டாங்கச்சில இருந்து எனக்கு மூணு சேராங்கொட்டை குடுத்திருக்காக, குறி போட இல்ல, ஊன்டி வைக்க. மருந்துக்கடை சரக்கு, எத்தனை வருஷப் பழசோ. ஊன்டி வச்சிருக்கேன். முளைக்கலைனா புதுக்கொட்டை தேடி எடுத்து ஊன்டுவேன், எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு மரம் இந்த ஊர்ல அவுக பேருக்கு நிக்கணும்.

காசு குடுத்தேன், வாங்கல. வேட்டி எடுத்துக் குடுத்தேன், அதையும் வேணாம்னாக. ரொம்பக் கேட்டப்பறம், நாள் பூரா நின்னு தேக்கிறதுல முழங்கால் வலிக்குது, முடக்கத்தான் இருந்தா ஒண்ணு வைங்க ஆச்சி, ரசத்துக்கு ஆகும்னாக. அவுக முடிஞ்சு வச்ச துணில இருந்தே எடுத்தேன், எட்டாம் வரிசைக் குறி, ஒரு புள்ளி. கருப்பு விதைல வெள்ளையா இதயம் மாதிரி ஒரு குறி அதுலயும் இருக்கும். வேப்பமரத்தடில அவுக வண்டிக்குப் பக்கத்துல நாலு விதை போட்டேன், மூணு வந்துச்சு. காலைல பால் வாங்கப் போறப்ப தண்ணி ஊத்திட்டு வரேன். இன்னைக்குப் பாத்தேன், ஒண்ணு வண்டிக் கம்பியப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தியிருக்கு.