உன் தலைச்சீரா

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேனொப்ளி (panoply) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய், சொல்கிறேன். பேத்தியின் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். எனக்குத் தைராய்டு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அவ்வளவுதான், பயப்பட ஏதுமில்லை.

மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அகராதியைப் புரட்டினேன். ரிட்டயரானவனுக்கு வேறென்ன வேலை! கிரேக்கத்தில் தூரா என்றால் கதவு. கதவு போல ஆளையே மறைக்கும் கேடயம் தூரெயோஸ். தைராய்டு என்றால் கேடயம் போன்றது என்று அர்த்தம். முதலில் தொண்டைக் குருத்தெலும்புக்கு வைத்த பெயர் அது. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் பக்கத்துச் சுரப்பிக்கும் அதையே சூட்டிவிட்டார்.

அப்புறம்தான் நீ கேட்டிருந்த பேனொப்ளிக்கு வந்தேன். கிரேக்கத்தில் பனோப்லியா. பான் என்றால் எல்லாம், ஹோப்லா என்றால் ஆயுதங்கள், தளவாடங்கள். தலைக்கவசம், மார்க்கவசம், கேடயம், ஈட்டி, வாள் என்று காலாள் வீரனின் முழு செட். போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளை ஏதென்ஸ் அரசே வளர்த்து, வயது வந்ததும் திருவிழாக் கூட்டத்தின் முன்னால் ஆளுக்கு ஒரு பனோப்லியா கொடுத்து அனுப்புமாம். பரிசா, அடுத்த போருக்கு அழைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் கவசம் கழன்றுபோய், எதுவானாலும் முழு வரிசை என்ற பொருள்தான் பெரும்பாலும் நிற்கிறது.

1960இல் கிரேக்கத்தின் தெந்த்ரா கிராமத்துக் கல்லறை ஒன்றில் முழு வெண்கலக் கவசம் கிடைத்தது. மூவாயிரத்து நானூறு ஆண்டுப் பழசு. அதைப் போட்டுக்கொண்டு சண்டையே போட முடியாது, சும்மா அலங்காரம் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே போல ஒன்றைச் செய்து 13 கிரேக்கப் படைவீரர்களுக்கு மாட்டி, 11 மணி நேரம் போர்ப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், தாக்குப்பிடித்துவிட்டார்கள். அந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது.

பனோப்லியா என்ற சொல் உனக்குப் புதிதில்லையடா. எபேசியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். கிரேக்க மூலத்தில் பனோப்லியா என்று இருப்பதுதான் நம் வேதாகமத்தில் சர்வாயுதவர்க்கம். சர்வம், ஆயுதம் என்று சொல்லுக்குச் சொல் எப்படி உட்கார்ந்திருக்கிறது பார்! விசுவாசமென்னும் கேடகம் என்கிறோமே, அங்கே மூலத்தில் இருப்பது தூரெயோஸ். என் மாத்திரையின் சொந்தக்காரர்!

ஞாயிறு பள்ளி நாடகத்தில் நீ அதே அதிகாரத்துத் தலைச்சீராவுக்கு, அதாவது தலைக்கவசத்துக்குப் பதிலாகப் பித்தளைப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அது கழலாமல் தேங்காய் எண்ணெய் ஊற்றி இழுத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாத்திரம் இன்னும் வீட்டில் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்