முதலில் கேளுங்கள், பிறகு கழற்றுங்கள்: தாப்பா வட்டாரப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு மடல்

மலேசியாவில், தாப்பா, பீடோர் பக்கம் காடிப் (கார்) பட்டறை நடத்தும் அண்ணன் தம்பிமார்களுக்கு வணக்கம்.

தோட்டத்து லோரி ஓட்டி ஓய்ந்தவன் நான். பால்மரக் காலத்தில் தொடங்கி, செம்பனைக் குலை ஏற்றி முடித்தேன். இஞ்சின் படிப்பு கிடையாது. ஆனால் ஆவி கக்கும் வண்டியோடு சாலையோரம் உட்கார்ந்த அனுபவம் உங்களில் பலரைவிட எனக்கு அதிகம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

என் காடி பழைய புரோட்டோன் இஸ்வாரா. போன வருடக் கடைசியில் ரேடியேட்டர் ஒழுகியது. நம்மூர்ப் பட்டறை ஒன்றில் (பெயர் வேண்டாம், நாளைக்கும் பாசாரில் முகத்தில் விழிக்க வேண்டும்) புதிது போட்டார்கள். காற்றாடி மோட்டார் சத்தம் போடுகிறது என்று அதையும் மாற்றினார்கள். மறுவாரமே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. திரும்பப் போனேன், வாட்டர் பம்ப் மாறியது. மறுபடியும் சூடு. அடுத்து, இஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் அடைப்பானான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு அங்கிள்?" என்றார் தம்பி. நாலாவது தடவை, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைத் திறக்கணும்" என்றார். இஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டைத்தான் சொல்கிறார். அதற்குள் 640 வெள்ளி (ரிங்கிட்) கரைந்திருந்தது.

இத்தனை நடையிலும் "எப்போ சூடேறுது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஹைவேயில் 90-இல் போனால் முள் அசையாது. டவுனில் ஊர்ந்தால் மெல்ல ஏறும். கேமரன் மலை வளைவுகளில் இரண்டாம் கியரில் போனால் கண்டிப்பாகக் கொதிக்கும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடுகிறது. மெதுவாகப் போனால் காற்றாடியை நம்ப வேண்டியிருக்கிறது. அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விடை கிடைத்தது கேமரன் போகும் வழியில், லாத்தா இஸ்கண்டார் அருவியோரம். மலைமேல் தானா ராத்தாவில் தங்கை மகளுக்கு நிச்சயம். வேட்டி சட்டையோடு கிளம்பினேன், வழக்கம்போல வழியில் கொதித்தது. நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, கிரில்லுக்கு முன்னால் நின்றேன். வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி காலில் சூடு அடித்தது. வேட்டி படபடத்தது. காற்றாடி, காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது! மோட்டார் மாற்றியபோது பிளக் பொருந்தாமல் ஒயரை வெட்டி முறுக்கியிருக்கிறார்கள், இரண்டும் இடம் மாறிவிட்டது. ஒயர் மாறினால் அந்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சுற்றுவது மட்டும் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பக்கம் என்று யார் பார்த்தார்கள்? கிரில்லில் ஒரு நாளிதழ்த் தாளை வைத்தால் போதும். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் தவறு.

நிச்சயத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். மச்சான் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

எல்லாக் காடிக்கும் இதே நோய் என்று சொல்லவில்லை. நின்றால் சரி, வேகத்தில்தான் சூடு என்றால் அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், உறிஞ்சலில் சப்பிப் போகும் கீழ்க் குழாய் இவற்றைப் பார்க்கலாம். வேலை முடிந்த அன்றே முள் ஏறி இறங்கினால் உள்ளே காற்று சிக்கியிருக்கும். இஞ்சின் ஆறியிருக்கும்போது முன்பக்கத்தை உயர்த்தி, மூடியைத் திறந்துவைத்து, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டு நிரப்பினால் தீரும். ரேடியேட்டர் மூடியையும் சின்னச் சாமான் என்று ஒதுக்காதீர்கள். 0.9 என்று எழுதிய மூடி அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே கொட்டும்.

ஹெட்டைத் திறக்கும் முன் ரேடியேட்டர் வாயில் நீல மருந்துச் சோதனை செய்யுங்கள். பெட்ரோல் புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுவது, வயிற்று வலி என்றவனை எக்ஸ்ரேகூட எடுக்காமல் அறுப்பது மாதிரி.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 82 என்று அதில் அச்சடித்திருப்பது அது திறக்கும் டிகிரி, அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால் இஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், எண்ணெய் (பெட்ரோல்) கூடுதலாகக் குடிக்கும். சந்தேகம் என்றால் சட்டியில் தண்ணீர் காய்ச்சி, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், திறக்கிறதா என்று. எங்கள் தோட்டத்துப் பழைய பொமேன் (மெக்கானிக்) அப்படித்தான் பார்ப்பார். அதே தண்ணீரில் பிறகு கோப்பி கலக்குவாரோ என்று எங்களுக்கு எப்போதும் ஒரு பயம்.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் பத்து நிமிடம் உறுமவிட்டு "ஓகே அங்கிள்" என்று சாவியை நீட்டாதீர்கள். கேமரன் ஏற்றம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்தாறு மைல் ஏற்றிப் பாருங்கள், எண்ணெய்க் காசு நான் தருகிறேன். கழற்றிய பழைய சாமானையும் கையில் கொடுங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் காடி சொகுசுக்கு இல்லை. நினைத்த நேரத்துக்குப் பஸ் கிடைக்காத இடத்திலிருந்து மருத்துவமனைக்குப் போக வேறு வழி இல்லை.

ஒயரை மாற்றிக் கட்டிய பிறகு என் காடி ஒழுங்காக ஓடுகிறது. அந்தத் தம்பி இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: என் தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை பசியாறிவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன்.