படம் எடுத்தவர் காணி விற்றால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் படத் தயாரிப்பாளராக இருந்து ரியல் எஸ்டேட் அதிபரானவரின் வாழ்க்கைக் கதையைக் கடந்த ஞாயிறு முழுப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். படம் எடுத்துக் கடனாளியானவர் மனை விற்று மீண்டு வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சினிமாக்காரர் என்ற பெயருக்காகவே சனங்கள் கேள்வி கேட்காமல் காசு கொடுத்தார்கள் என்று, அதை ஒரு கெட்டித்தனமாக எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிக் கேள்வி கேட்காதவர்களில் நானும் ஒருவன். யுத்தம் முடிந்து எங்கள் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் காணி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், படம் எடுத்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். நடிகர்களோடு நின்று எடுத்த படங்கள் ஒரு அல்பம் நிறைய வைத்திருந்தார். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த காசில் 15 பேர்ச் காணிக்கு முற்பணம் கொடுத்தார் என் தங்கச்சியின் புருஷன். பக்கத்தில் நின்று "கொடு மச்சான், தெரிந்த ஆள்" என்று சொன்னது நான்தான். காணி உறுதிப் பத்திரம் இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் போனது. கடைசியில் விசாரித்தால் அது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த காணியை அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை. காசு திரும்பி வரவில்லை. தங்கச்சி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, முழுப் பக்கம் கொடுக்க எங்கள் இலங்கைச் சினிமாவில் ஆள் இல்லையா? 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வி. எஸ். துரைராஜா தொழிலால் கட்டடக் கலைஞர். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை மறுபடி எழுப்பியதில் அவருடைய கை உண்டு. அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். படமும் எடுத்தார், ஊருக்குக் கட்டடமும் எழுப்பினார். தொழிற்சங்கத்தை நடத்திக்கொண்டே 1975இல் 'புதிய காற்று' எடுத்து அதில் நடித்தவர் வி. பி. கணேசன். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது அங்கிருந்த நெகட்டிவ்களும் எரிந்து போயின. காசையும் படத்தையும் சேர்த்து இழந்த எங்கள் தயாரிப்பாளர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் நான் ஒரு வரி பார்த்ததில்லை. துரைராஜாவைப் பற்றி நானே இரண்டு தடவை எழுதி அனுப்பினேன். இடம் இல்லாமல் போயிருக்கலாம், அதற்கு நான் கோபிக்கவில்லை. ஆனால் இந்தக் கதைக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருக்கிறதே என்று மனம் நோகிறது.

திருகோணமலை என்றாலும் உங்களுக்குக் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, உப்புவெளிக் கடற்கரை, அவ்வளவுதான். எல்லைக்கல்லோடும் பழைய கடதாசிகளோடும் கந்தோர் கந்தோராக அலைகிற சனங்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களும் காசு கொடுத்து உங்கள் பேப்பரை வாங்குகிறவர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் போடுகிற காணி விளம்பரங்களில், உறுதிக் காணியா பேர்மிட் காணியா என்று விற்கிறவரிடம் கேட்டு, அந்த ஒரு சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். சொல்ல மறுத்தால் விளம்பரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.