பைன் ரிட்ஜிலிருந்து திரும்பிய பின்

மினியாபொலிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

தோத்திரம். தெற்கு டகோட்டாவில் லகோட்டா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் ஒதுக்கிடமான பைன் ரிட்ஜ் போய் வந்த களைப்பில் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த எங்கள் எப்பிஸ்கோப்பல் சபையாருக்கும் அங்குள்ள லகோட்டா மக்களுக்கும் இத்தனை ஆண்டு நட்பு எப்படி நிலைத்தது என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாம் முறை போய் வந்த பிறகும் நேரான விடை சொல்லத் தயங்குகிறேன். சபை ஒரு பக்கம், லகோட்டாக்கள் மறுபக்கம் என்று நாம் கிழிக்கும் கோடு அங்கே நிற்பதில்லை.

1890 டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீ ஓடைக்கருகே அமெரிக்கக் குதிரைப்படை இருநூறுக்கும் மேற்பட்ட லகோட்டாக்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். உயிர் தப்பிய காயக்காரர்களை அன்றிரவு பைன் ரிட்ஜின் திருச்சிலுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்து, இருக்கைகளைப் பெயர்த்தெடுத்த தரையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய பசுந்தழைத் தோரணங்கள் அப்போதும் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. இதைச் சபை கொடுத்த அடைக்கலம் என்றே நாங்கள் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அந்த ஆலயத்தின் குருவானவர் சார்லஸ் குக், லகோட்டாக்களின் உறவுக்குடியான யாங்க்டன் வழிவந்தவர். காயங்களுக்கு மருந்திட்ட டாக்டர் சார்லஸ் ஈஸ்ட்மன், இன்னோர் உறவுக்குடியான சான்டீ டகோட்டாவைச் சேர்ந்தவர். இதில் யார் யாருக்கு அடைக்கலம் தந்தார்கள்?

1870களில் அரசு பழங்குடி ஒதுக்கிடங்களைச் சபைகளுக்குப் பங்கு பிரித்தபோது, பைன் ரிட்ஜ் எங்கள் சபைக்கு வந்தது. லகோட்டாத் தலைவர் ரெட் கிளவுட்டோ, எங்கள் சபை வேண்டும் என்று கேட்கவில்லை. கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையின் கறுப்பு அங்கிக்காரர்கள்தான் வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தி, 1888இல் அவர்களை வரவழைத்தார். பிள்ளைகளின் கல்விக்காக அவர் அழைத்தார். அவர்கள் நடத்திய பள்ளியிலோ பிள்ளைகளின் கூந்தலை வெட்டினார்கள், தாய்மொழியையும் தடுத்தார்கள். அதே பள்ளி இன்று லகோட்டா மொழியைக் கற்பிக்கிறது என்றாலும், முன்பு பறித்ததை மறந்துவிட்டு அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அங்கே 1904இல் திருமுழுக்குப் பெற்ற பிளாக் எல்க் என்ற பழங்குடி ஞானி, நம் ஊர் உபதேசியார்களைப் போலவே ஊர் ஊராகப் போய்த் தம் மக்களுக்குத் தம் மொழியில் மறைக்கல்வி நடத்தினார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2017இல் தொடங்கியது.

இந்த முறை ஒரு வீட்டுப் படிக்கட்டைப் பழுதுபார்க்கப் போனோம். வேலை ஒன்றரை நாளில் முடிந்தது, விருந்துதான் முடியவில்லை. மாட்டிறைச்சிச் சாறும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் பழக்கூழும் வந்துகொண்டே இருந்தன. மிஞ்சியதை விருந்தாளிகள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது அங்கே முறை. அதற்கு அவர்கள் பாத்திரத்தோடுதான் பந்திக்கே வருகிறார்கள். வெறுங்கையோடு நின்ற எங்களைப் பார்த்து, 'இத்தனை வருஷமாக வருகிறீர்கள், இன்னும் ஒரு சட்டி கொண்டுவரத் தெரியவில்லையா?' என்று அந்த வீட்டுப் பாட்டி கடிந்துகொண்டார்.

உங்கள் மகன் டிசம்பரில் இங்கே வரும்போது, மூடி இறுகப் பொருந்தும் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்