அலைவரிசையை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

நேயர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் வணக்கம்.

மழைக்காலத்தில் எங்கள் பண்பலை நிலையம் முதலில் இரைந்து, பிறகு ஊரின் ஓரங்களில் கேட்காமலே போனதை அறிவீர்கள். கோபுர உச்சிக்குச் செல்லும் கேபிளில் நீர் புகுந்திருந்தது. அப்படியானால் ஆன்டெனாவுக்குப் போகும் ஆற்றலில் ஒரு பங்கு திரும்பிவரும். டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். 1933இல் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் காப்புரிமை பெற்ற பண்பலை, இரைச்சலை ஒழிக்கவென்றே உருவானது. மழைநீரைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை போலும்.

முதல் நன்றி, காற்று அடங்கிய நேரம் பார்த்துக் கோபுரம் ஏறிய தொழிலாளிக்கு. ஏறுமுன் ஒலிபரப்பை முழுவதுமாக நிறுத்தச் சொன்னார். வணிக வானொலிக்கு மௌனத்தைவிடப் பெரிய அச்சம் கிடையாது. ஆனால் இயங்கும் ஆன்டெனாவின் அருகே ஆள் நிற்கக் கூடாது. விளம்பர நேரம் முடியட்டும் என்று நாங்கள் இழுத்தபோதும் அவர் மசியவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கும் சேர்த்தே இந்த நன்றி.

பஸ் ஓட்டுநர்களுக்கு அடுத்த நன்றி. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குன்றோ உயர்ந்த கட்டடமோ மறித்தால் அதன் பின்புறம் ஒலி மங்கிவிடும். கேபிளை மாற்றிய பிறகு எந்த வளைவில் தெளிவு, எந்த இறக்கத்தில் இரைச்சல் என்று தடம் தடமாகச் சொன்னவர்கள் நீங்கள்தான். எங்கள் அளவுக் கருவி கோபுரத்தின் காலடியிலேயே நின்றுவிடுகிறது.

ஒலிபரப்பாகாத விளம்பரத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை. ஒலிபரப்புப் பதிவேட்டைக் காட்டி எவரும் தொகையைக் கழித்திருக்கலாம். சிறு கடைக்காரர்கள் பலர், "சரியானதும் போடுங்கள்" என்று முழுத் தொகையையும் தந்தார்கள். மின்கட்டணமும் பாடல்களுக்கான உரிமத் தொகையும் நாங்கள் மௌனமாக இருந்தோம் என்பதற்காகக் காத்திருப்பதில்லை. அந்தப் பணத்தில்தான் அவற்றைக் கட்டினோம்.

ஜெனரேட்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், வந்த அழைப்புகளுக்கெல்லாம் ஒரே பதிலை அலுக்காமல் சொன்ன இரவு அறிவிப்பாளருக்கும் நன்றி.

விடுபட்ட விளம்பரங்களைக் காலை நிகழ்ச்சிகளிலேயே ஈடுசெய்கிறோம்; யாரும் கேட்காத நள்ளிரவில் தள்ளிவிட மாட்டோம். குன்றுக்குப் பின்னால் இன்னும் இரைச்சல் இருப்பதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வேறு யாருக்கும் அப்படிக் கேட்டால் தெரிவியுங்கள்.

— நிலைய நிர்வாகி