பூங்காவில் நாய்களுக்கென நேரமும் வேலியிட்ட இடமும் ஒதுக்கித் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
நகர்ப் பூங்காவைச் சுற்றி வசிக்கும் நாய் வளர்ப்போர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: நாய்களை நடைக்கு அழைத்துச் செல்லப் பூங்காவில் அதிகாலையிலும் இரவிலும் நேரம் ஒதுக்குதல், வேலியிட்ட தனி இடம் அமைத்தல், அங்கேயே மாதந்தோறும் தடுப்பூசி முகாம் நடத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் கையொப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள். பூங்காவின் வாயிலில் நாய்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. காரணமின்றி அதை வைத்திருக்க மாட்டார்கள் என்பதை நாங்கள் அறிவோம். நடைபாதையில் கிடந்த கழிவு குறித்தும், கயிறின்றி ஓடிய நாய்களைக் கண்டு குழந்தைகள் அஞ்சியது குறித்தும் அப்போது புகார்கள் வந்திருந்தன. அப்புகார்கள் நியாயமானவை. ஆனால், சிலருடைய பொறுப்பின்மையைத் தடுக்க வைத்த அந்தப் பலகை, பொறுப்போடு நாய் வளர்க்க விரும்புவோரையும் சேர்த்தே சாலைக்குத் தள்ளிவிட்டது. அதனால் விளைந்த துன்பத்தையும், அதற்கு எங்களுக்குத் தோன்றும் தீர்வையும் தங்கள் பார்வைக்கு வைக்கவே இதை எழுதுகிறோம்.

வளர்ந்த நாயை நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று முறையாவது வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்புவதில்லை என்பதால், அடுக்குமாடி வீட்டில் வளரும் நாய் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். கழிவு கழிப்பதோடு அந்த நடையின் தேவை முடிந்துவிடுவதும் இல்லை. மனிதருக்கு நாற்றத்தை உணரும் செல்கள் சில பத்து இலட்சங்களே இருக்க, நாய்க்கு அவை இருபது கோடிக்கும் மேல். நாம் கண்ணால் தெருவைப் பார்ப்பதுபோல் நாய் மூக்கால் பார்க்கிறது. மோந்து பார்க்கவும் ஓடவும் வழியில்லாமல் நான்கு சுவர்களுக்குள் கிடக்கும் நாய்தான் ஓயாமல் குரைக்கிறது, பொருட்களைக் கடித்துக் குதறுகிறது, மாடிப்படியில் ஏறிவருபவர் மீது பாய்கிறது. நாயின் குரைப்பு குறித்து அண்டைவீட்டார் தங்கள் அலுவலகத்திற்கு அனுப்பும் புகார்களில் பலவற்றின் வேர், அந்த நாய்க்கு அன்று நடை கிடைக்காமல் போனதில் இருக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இதில் எங்களை மிகவும் வருத்துவது வெயில். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. அதற்குரிய வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடிப்பகுதியில் மட்டுமே இருக்கின்றன. எனவே நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் வழியாகவே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்துவிட்டால் அந்த வழியும் முழுமையாகப் பயன்படுவதில்லை. முகம் தட்டையான பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். இவற்றோடு தார்ச்சாலையின் சூடும் சேர்கிறது. வெயில் நேரத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்திருக்க முடியவில்லையென்றால், அங்கே நாயை நடக்கவிடக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஆகவே, கோடையில் நாயை நடத்துவதற்கு உகந்த நேரம் வெயில் ஏறுவதற்கு முன்னும், தரையின் சூடு தணிந்த பின்னும்தான்.

ஆனால் அந்த நேரங்களில் எங்கள் தெருக்களின் நிலை வேறு. பூங்காவை ஒட்டிய சாலையில் நடைமேடை இல்லை. அதிகாலையில் சரக்கு வண்டிகள் வரிசையாக விரைகின்றன, தெருவிளக்குகளுக்கு இடையே இருள் சூழ்ந்திருக்கிறது. முதியவர் ஒருவர் ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் நாயின் கயிறுமாக அந்தச் சாலையோரத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதைத் தாங்கள் ஒருநாள் நேரில் கண்டால், இம்மனுவின் பாதி தேவையற்றதாகிவிடும். வண்டிகள் குறையும்வரை காத்திருந்தால் வெயில் ஏறிவிடுகிறது.

கடந்த கோடையில் இம்மனுவை எழுதும் எனக்கு நேர்ந்ததும் அதுவே. ஒன்பது வயதான எங்கள் நாயை, சாலையில் வண்டிகள் குறையட்டும் என்று காத்திருந்து, காலை ஒன்பது மணிக்குமேல் வெளியே அழைத்துச் சென்றேன். பூங்காவின் சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் அதன் இரைப்பு கடுமையானது, கெட்டியான எச்சில் ஒழுகியது, பின்னங்கால்கள் தள்ளாடின, பிறகு அப்படியே சாய்ந்துவிட்டது. சுவருக்கு அப்பால், கைக்கெட்டும் தொலைவில், மரநிழலும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. காவலாளி விதியை மீற முடியாத நிலையிலும் மனமிரங்கி ஒரு வாளி தண்ணீரை வெளியே கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். நான் அறியாமையால் ஈரத்துணியை அதன்மேல் போர்த்தினேன். அவ்வாறு போர்த்தினால் துணியே சூட்டை உள்ளே தேக்கிவிடும் என்றும், உடலெங்கும் தண்ணீரை ஊற்றிக் காற்றுப்படும்படி விசிறுவதே சரி என்றும், முதலில் குளிரச்செய்துவிட்டுப் பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் பின்னர் மருத்துவர் விளக்கினார். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அன்று மருத்துவர் பார்த்தபோது அது 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. பல நாள் சிகிச்சைக்குப் பிறகே அது பிழைத்தது. இன்றும் கயிற்றை எடுத்தால் ஓடிவருகிறது. ஆனால் சாலையில் கால் வைத்ததும் தயங்கி நின்று என் முகத்தைப் பார்க்கிறது.

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும், இரவில் மூடப்பட்ட பின் ஒரு மணி நேரமும், கயிற்றில் பிடித்த நாய்களோடு வெளிச்சுற்றுப் பாதையில் நடக்க எங்களை அனுமதிக்க வேண்டும். கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் நீளாமல் இருக்க வேண்டும் என்றும், குழந்தைகள் விளையாடும் பகுதிக்குள் எந்நேரமும் நாய்கள் நுழையக் கூடாது என்றும் தாங்களே விதி வகுக்கலாம். அவற்றை நாங்கள் மனமுவந்து ஏற்கிறோம்.

இதனுடன், நீரேற்று அறைக்குப் பின்புறம் புதர் மண்டிப் பயனின்றிக் கிடக்கும் மூலையை வேலியிட்டு, நாய்கள் கயிறின்றி ஓடுவதற்கான இடமாக மாற்றித் தரவும் வேண்டுகிறோம். வேலி ஐந்தடிக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலான நாய்கள் தாண்டா. வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் அமைய வேண்டும். ஒரு நாய் உள்ளே வரும்போது மற்றொன்று வெளியே ஓடிவிடாமல் காப்பது இந்த இரட்டைக் கதவுதான் என்பதால், மற்றவற்றில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம் என்று பணிவுடன் வலியுறுத்துகிறோம். சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு இருப்பது நல்லது. தண்ணீருக்குப் பொதுத்தொட்டி வேண்டாம், ஒரு குழாய் போதும். பொதுத்தொட்டி வழியாக ஒரு நாயின் நோய் மற்ற நாய்களுக்குப் பரவக்கூடும் என்பதால் அவரவர் கிண்ணத்தை அவரவரே கொண்டுவருவோம். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ என்னும் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும் ஆகையால், தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிகளை அங்கே அழைத்துவரவும் மாட்டோம்.

கழிவு குறித்த கேள்வியே தங்களுக்கு முதலில் எழும் என்பதை உணர்கிறோம். நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்னும் உருளைப்புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியேறி மண்ணில் கலக்கின்றன. மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கை வழியாக அவை வயிற்றுக்குள் சென்றால் கண்ணையும் கல்லீரலையும்கூடப் பாதிக்கலாம். ஆனால் கழிவு வெளியேறிய உடனேயே அந்த முட்டைகள் தொற்றும் நிலையை அடைவதில்லை. அதற்கு இரண்டு வாரங்கள் போல ஆகும், பிறகு மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே, கழிவை அப்போதே எடுத்துவிட்டால் அந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே துண்டித்துவிடலாம். இன்று சாலையோரத்தில் எடுத்த கழிவைப் போடுவதற்கு ஒரு தொட்டிகூட இல்லாமல், பையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடக்கிறோம். அவ்வாறு நடக்க மனமில்லாதவர்கள் கழிவை அங்கேயே விட்டுச் செல்கிறார்கள். அது தவறுதான், அதற்காக நாங்கள் வாதாட வரவில்லை. மூடியுள்ள தொட்டிகளை வைத்து நாள்தோறும் அகற்றச் செய்தால், அதன் பிறகும் எடுக்காதவர்களுக்கு அபராதம் விதிப்பதை நாங்களே ஆதரிப்போம்.

நாய் என்றாலே அஞ்சும் மக்களின் கவலைக்கும் விடை சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அந்த அச்சத்தின் அடியில் இருப்பது வெறிநாய்க்கடி எனப்படும் ரேபிஸ். அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும் நோய் அது. மனிதருக்கு அந்நோய் வருவதில் 99 விழுக்காடு நாய்களின் வழியாகவே நிகழ்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதே நிறுவனம், ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் பரவல் அறுபடும் என்றும் சொல்கிறது. லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் தடுப்பு மருந்து செலுத்தி நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மருந்து கையில் இருந்தும் மக்கள் இறப்பதற்குக் காரணம், அது உரிய நேரத்தில் உரியவரையும் உரிய நாயையும் சென்றடையாததே.

இந்த இடத்தில்தான் பூங்காவின் வாயில் மாநகராட்சிக்கே உதவும் கருவியாகும் என்று நம்புகிறோம். தடுப்பூசிச் சான்றும் பதிவு வில்லையும் இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை என்று விதித்துவிட்டால், இதுவரை தட்டிக்கழித்து வந்தவர்களும் தாமாக முன்வந்து ஊசி போடுவார்கள். வெறும் தண்டனை அச்சத்தால் நடக்காதது, நாயை ஓடவிட ஓர் இடம் கிடைக்கிறது என்ற ஆசையால் நடக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குச் செல்வோரும் வரக்கூடிய நேரத்தில், அங்கேயே ரேபிஸ் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் வழங்கி, மைக்ரோசிப் பொருத்தவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். அரிசி மணி அளவேயான அந்தச் சில்லில் உள்ள 15 இலக்க எண், தொலைந்த நாயை உரியவரிடம் சேர்க்கும். வேண்டாமென்று தெருவில் விட்டுச் செல்பவர் யார் என்பதையும் காட்டிவிடும். கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுத் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற அறிவிப்பையும் வாயிலில் எழுதிவைத்தால், நாய் வளர்க்காதவர்களுக்கும் அது பயன்படும்.

மற்றொரு கோரிக்கையையும் சுருக்கமாகச் சேர்த்துக்கொள்கிறோம். கால்நடை மருந்தகம் மாலையோடு மூடப்படுகிறது. பெரிய மார்புடைய நாய்களுக்கு வரும் வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய் சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். அது அலுவல் நேரம் பார்த்து வருவதில்லை. இரவுப் பணிக்கு ஒரு மருத்துவரையாவது சுழற்சி முறையில் அமர்த்த ஆவன செய்ய வேண்டுகிறோம்.

வேலியிட்ட இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யவும், வாயிலில் சான்றுகளைச் சரிபார்க்கவும், முகாம் நாளில் நாய்களை வரிசையில் நிறுத்தி உதவவும் எங்களுக்குள் முறைவைத்துப் பணிபுரிய ஒப்புக்கொண்டு, தனித்தாளில் கையொப்பமிட்டு இத்துடன் இணைத்துள்ளோம். முதலில் மூன்று மாதங்களுக்குச் சோதனை முயற்சியாக இந்த அனுமதியை வழங்கி, அந்தக் காலத்தில் வரும் புகார்களை ஆராய்ந்த பின்னர் தொடர்வதா நிறுத்துவதா என்று தாங்கள் முடிவு செய்தாலும் எங்களுக்கு முழுச் சம்மதம். கோடை தொடங்குவதற்கு முன் அந்த மூன்று மாதங்களைத் தொடங்கிவைக்குமாறும், அதற்கு முன் ஒருநாள் அதிகாலையில் பூங்காச் சாலையைத் தாங்களோ தங்கள் அலுவலரோ நேரில் வந்து பார்வையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் நாளைத் தெரிவித்தால் வாயிலருகே காத்திருப்போம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்காவைச் சுற்றி வசிக்கும் நாய் வளர்ப்போர்.